இரு வாசல் பூசையறை

திண்டுக்கல் நாகல்நகரில் பதினோரு ஆண்டுகள் குடியிருந்தோம். அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒரு நாளேனும் நான் ஒரு பதிகத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை இடையூறின்றிப் பாடி முடித்ததில்லை. மூன்றாம் பாடலில் தண்ணீர் லாரி வரும். தெரு முழுவதும் குடங்களோடு ஓடும். நானும் திருநீறு கலையாமல் ஓடுவேன். திரும்பி வந்து நான்காம் பாடலை எடுத்தால், எங்கள் சந்தின் அடிகுழாயைச் சுற்றிப் பெண்களின் பேச்சு தொடங்கியிருக்கும். அவற்றுள் ஓங்கி ஒலிப்பது என் மனைவி அறிவுச்செல்வியின் குரல். இறைவனிடம் பாதியில் நிறுத்திவைத்த பாடல்கள் எத்தனை என்று எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு குறுகும்.

எனவே 1995ஆம் ஆண்டு, ரெட்டியார்சத்திரத்தில் பேருந்தைவிட்டு இறங்கி இரண்டு கல் நடந்தால் வரும் இடத்தில், பொம்மையன் என்பவரிடம் இரண்டரை ஏக்கர் நிலம் வாங்கினேன். ஒரு கிணறு, பதினேழு தென்னை, காய்க்க மறுத்த ஒரு கொய்யா. நடையும் பேருந்துமாக ஒரு மணி நேரத்தில் திண்டுக்கல்லில் நான் தமிழ் கற்பித்த பள்ளிக்கும் போய்விடலாம். மேற்கே வாகைப்பட்டி, கிழக்கே நொச்சியூர், நடுவே எங்கள் நிலம். ஊர்ப்பெயர்களே முதலில் என்னை ஈர்த்தன. வாகை வென்றோர் சூடும் பூ. நொச்சி மதில் காப்போர் சூடும் பூ. அவ்விரண்டுக்கும் நடுவில் வாழ்வது பெரும்பேறு என்று கருதினேன். 'நடுவில்' என்பதன் முழுப் பொருளும் அன்று எனக்கு விளங்கவில்லை.

நிலத்தின் நட்டநடுவில் ஒரு கல் நின்றது. முழங்கால் உயரம்; கருங்கல். அதன் முகத்தில் மேல்நோக்கிய ஓர் அம்பு செதுக்கப்பட்டிருந்தது. அம்பின் கீழே தேய்ந்த மூன்று எழுத்துகள். நிரை மீட்டு வீழ்ந்த வீரன் எவனுக்கோ முன்னோர் நட்ட நடுகல் அது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. அன்றே அதை நீராட்டி, அரளி மாலை சாத்தி, அதன் முன் விழுந்து வணங்கினேன். வீடு கட்டும்போது அந்தக் கல்லைச் சுற்றியே கட்ட வேண்டும் என்று கொத்தனார் காமராஜிடம் சொன்னேன். கிழக்கே கூடமும் சமையலறையும், மேற்கே படுக்கையறையும் அதன் பின்னால் கிணறும், இரண்டுக்கும் நடுவில் ஆறடிக்கு நாலடியில் பூசையறை, அதன் மையத்தில் கல். காலைக் கதிரும் மாலைக் கதிரும் கல்லின்மேல் விழ வேண்டும் என்பதற்காகப் பூசையறைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொரு வாசல் வைக்கச் சொன்னேன். காமராஜ் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிங்கய்யா" என்றார்.

பத்திரத்தை நான் படிக்காமல் இல்லை. மூன்று முறை படித்தேன். அதன் பிழைபட்ட தமிழை மனத்துக்குள் திருத்திக்கொண்டே படித்தமையால், அது சொன்ன செய்தி மட்டும் மனத்தில் தங்கவில்லை.

குடிபெயர்வதற்கு அறிவுச்செல்வி எளிதில் இணங்கவில்லை. அவள் தொலைபேசி நிலையத்தில் இருபது ஆண்டுகளாக வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுப்பவள். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்தபின் நாளொன்றுக்குப் பத்து அழைப்புகூட அவளைத் தேடி வருவதில்லை. அலுவலகத்தில் அற்றுப்போன பேச்சை எல்லாம் அவள் நாகல்நகர் அடிகுழாயடியில் ஈடுசெய்துகொண்டிருந்தாள்.

"அங்க எனக்குப் பேச்சுத் தொணைக்கு யாரு இருக்கா? தென்ன மரமா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கிறேன்" என்றேன்.

"நீங்க பேசுனா பாதி எனக்குப் புரியாது. மீதிய ஏற்கெனவே கேட்டிருக்கேன்."

எங்கள் மகள் ஜீவிதா சிரித்தாள். அவளுக்குப் பத்தாம் வகுப்பு தொடங்கவிருந்தது. எந்த ஊரில் இருந்தாலும் படிக்கத்தான் வேண்டும் என்பதால் அவள் எந்தப் பக்கமும் சேரவில்லை.

இறுதியில் அறிவுச்செல்வி ஒரு நிபந்தனை விதித்தாள். "ஒரு வருசம் பாக்குறேன். அடுத்த பங்குனி முடியறதுக்குள்ள அந்தக் காட்டுல எனக்குன்னு பேச ஒரே ஒரு மனுசி கெடைக்கணும். கெடைக்கலன்னா நானும் ஜீவிதாவும் இங்கயே திரும்பி வந்துருவோம். நீங்க கல்லோட பேசிக்கிட்டு இருங்க."

எங்கள் வீட்டு உரிமையாளர் அப்துல் வாஹித் பூட்டு வணிகர். அவர் அவளிடம், "தங்கச்சி, வீட்ட யாருக்கும் விடமாட்டேன். பூட்டுப் பெட்டியத்தான் அடுக்கி வைக்கப்போறேன். பங்குனி கடைசி நாள் சாவியோட வாரேன். வரணும்னு சொன்னா ஒரே நாள்ல ஒதுக்கித் தாரேன்" என்றார். நிலத்துக்குப் போகுமுன்பே திரும்பி வரும் வழி திறந்துவைக்கப்பட்டது.

1996 சித்திரையில் குடிபுகுந்தோம். முதல் நாள் விடியலில் ஒரு பதிகத்தை முழுமையாகப் பாடி முடித்தேன். பாடி முடித்ததும் எழுந்த அமைதியில் என் கண்கள் நனைந்தன. அதே அமைதியில் அறிவுச்செல்வியின் முகம் வாடியதை நான் சில மாதங்கள் கழித்தே கண்டேன்.

இரு ஊர்ப் பெண்களும் பகலில் தோட்டங்களில் இருந்தனர். அவள் அப்போது திண்டுக்கல்லில் இருந்தாள். மாலையில் அவள் வந்து சேர்ந்தாள். அவர்கள் அப்போது தத்தம் ஊருக்குத் திரும்பியிருந்தனர். அருகிலுள்ள வீடு அரைக்கல் தொலைவு. அவள் வாசற்படியில் அமர்ந்து தென்னைகளை எண்ணினாள். தை மாதத்தில் ஒருநாள் வேலியோரம் மயில் அகவியது. "லைன்ல இருங்க" என்று அவள் அதற்கு விடை சொன்னதை என் காதால் கேட்டேன். அன்று முதல் நான் அஞ்சத் தொடங்கினேன்.

பங்குனியில் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை. கல்லுக்குப் பால் வார்த்துக்கொண்டிருந்தேன். வாகைப்பட்டி நாட்டாண்மை ஒச்சப்பனும், நொச்சியூர் நாட்டாண்மை வீரனும், அவர்களுக்குப் பின்னால் கொத்தனார் காமராஜும் வாசலில் வந்து நின்றனர்.

"வாத்தியாரே, இன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு ஊருக்கும் அம்மனுக்குக் காப்புக் கட்டி, எல்ல கட்டுறோம்" என்றார் ஒச்சப்பன். "போன வருசம் நீங்க குடி வாரதுக்கு முந்தி, பூசையறைச் சொவரு எழும்பாதப்பவே கட்டி முடிச்சிட்டோம். இந்த வருசம் உங்க வீட்டுக்குள்ள செத்த நேரம் வரணும்."

"தாராளமாக வரலாம். தீபாராதனை காணவா?"

"எல்லைக்கல்லு உள்ளதான இருக்கு."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மூவரும் என் நடுகல்லைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

"இது சர்வேக்கல்லுய்யா" என்றார் வீரன், நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாக. "அம்பு போட்டு நானூத்திப் பதினேழுன்னு நம்பர் வெட்டியிருக்கு பாருங்க. கல்லுக்கு இந்தப் பக்கம் நொச்சியூரு. அந்தப் பக்கம் வாகைப்பட்டி."

நான் காமராஜை நோக்கினேன். "கட்டும்போதே சொல்லியிருக்கலாமே!"

"தெரிஞ்சுதான் செய்யிறீங்கன்னு நெனச்சேன்யா. தெனமும் பாலு, பூவு, கற்பூரம். சர்க்காரு மேல இம்புட்டு பக்தியான்னு எங்க வீட்டுலகூடச் சொல்லி ஆச்சரியப்பட்டேன்."

"ஆவணில சர்வேயரு வந்தாரே, அவருகூட எட்டிப் பாத்தாரு" என்றார் வீரன். "கல்லுக்குப் பொட்டு வச்சிருந்துச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

பிறகு அவர்கள் வழக்கத்தை விளக்கினர். எல்லையில் மஞ்சள்நீர் தெளித்து வேப்பிலையால் கட்டு போட்டபின், எட்டு நாள்களும் பகலில் எவரும் எங்கும் போய் வரலாம். ஆனால் மாலையில் விளக்கு வைத்தபின் விடியும்வரை எல்லையை எவரும் தாண்டலாகாது. பொருள் ஒன்றும் தாண்டலாகாது. பேச்சும் தாண்டலாகாது. கட்டு விழும் கணத்தில் எவர் எந்த மண்ணில் நிற்கிறாரோ, அந்த எட்டு நாளும் அவர் அந்த ஊரார்.

அவர்கள் போனபின் அறிவுச்செல்வி அமைதியாகச் சொன்னாள்: "பேசாம எட்டு நாளைக்கு நாகல்நகர் போயிருவோம்."

அவள் போனால் திரும்பமாட்டாள் என்பதை நான் அறிவேன். பங்குனி முடிய இன்னும் பன்னிரண்டு நாளே இருந்தது. அவளுக்கு ஒரு மனுசியும் கிடைத்தபாடில்லை. "அம்மன் கட்டும் எல்லையைவிட்டு ஓடலாகாது" என்று மன்றாடி, ஒரு திட்டம் வகுத்தேன். கட்டு விழும் நேரத்தில் மூவரும் கூடத்திலேயே நிற்க வேண்டும். மூவரும் நொச்சியூராராகிவிடுவோம். தண்ணீரை மட்டும் பகலிலேயே இறைத்து வைத்துவிடலாம். மேற்குப் பாதியை எட்டு மாலைகளுக்கு மறந்துவிடலாம்.

மாலை வந்தது. ஆயக்குடியிலிருந்து வந்த பம்பைக்காரர் முன்னே வர, எல்லைக் கோட்டுக்குக் கிழக்கே நொச்சியூரார், மேற்கே வாகைப்பட்டியார் எனக் கூட்டம் வடக்கிலிருந்து வந்து எங்கள் சுவரில் முட்டி நின்றது. பம்பைக்காரர் கோட்டின்மேல்தான் நடக்க வேண்டும். கோட்டின்மேல் சுவர் நின்றது.

"ரெண்டு வரிசை செங்கல எடுத்தா போதும்" என்றார் காமராஜ், கையில் கடப்பாரையோடு.

"எடுக்கலாகாது!" என்று நான் உள்ளிருந்து கூவினேன்.

நெடிய ஆலோசனைக்குப்பின் ஏணி வந்தது. பம்பைக்காரர் அடித்துக்கொண்டே எங்கள் மொட்டை மாடியில் ஏறினார். அவருக்குப் பின்னால் இரு நாட்டாண்மைகளும் ஏறி, ஒருவர் மாடியின் கிழக்குப் பாதியிலும் மற்றவர் மேற்குப் பாதியிலுமாக, ஒருவர் பக்கம் ஒருவர் சாயாமல் நடந்தனர். கீழே, தேங்காய் பறிக்கும் தொரட்டிக் கம்பின் நுனியில் வேப்பிலைக் கொத்தைக் கட்டி, மஞ்சள்நீரில் நனைத்து, பூசையறையின் காற்றோட்டத் துளை வழியே எவரோ உள்ளே நீட்டினர். அது கல்லைத் தொடுவதுதான் கட்டு விழும் கணம்.

மூவரும் கூடத்தில் நின்றோம். "அய்யோ, நாளைக்குக் கணக்குப் பரீட்சை, புத்தகம் உள்ள இருக்கு!" என்று ஜீவிதா படுக்கையறைக்குள் பாய்ந்தாள். அதே நேரத்தில் தொரட்டியின் வேப்பிலை, கல்லின் முன் எரிந்த விளக்கின்மேல் சாய்ந்தது. எரியும் விளக்கு கவிழ்வதைக் கண்டு நிற்க என்னால் இயலவில்லை. ஓடிப்போய், கல்லின் இருபுறமும் கால் பரப்பிக் குனிந்து, விளக்கை இரு கைகளாலும் தாங்கிக் காத்தேன். என் முதுகில் மஞ்சள்நீர் கொட்டியது. பம்பை ஓய்ந்தது. குலவை எழுந்தது.

மாடியிலிருந்து இறங்கிவந்து, ஒச்சப்பன் மேற்கு வாசல் வழியாகவும் வீரன் கிழக்கு வாசல் வழியாகவும் என்னைப் பார்த்தனர்.

"பாப்பா எங்க ஊரு" என்றார் ஒச்சப்பன்.

"அம்மா எங்க ஊரு" என்றார் வீரன்.

"வாத்தியாருக்கு எடது காலு எங்க மண்ணு."

"வலது காலு எங்க மண்ணு."

இருவரும் சிந்தித்தனர். "கல்லு எந்த ஊரோ வாத்தியாரும் அந்த ஊருதான்" என்றார் வீரன்.

"கல்லு ரெண்டு ஊருந்தான?"

"அப்பக் கல்லோடயே இருக்கட்டும்."

இவ்வாறு, எட்டு நாள்களும் விளக்கு வைத்தது முதல் விடியும்வரை நான் ஆறடிக்கு நாலடிப் பூசையறையைவிட்டு வெளியேறலாகாது என்று தீர்ப்பாயிற்று. கல்லை வளைத்துப் படுத்தேன். எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்று அதன் முன் நாள்தோறும் வேண்டினேனோ, அதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது.

அன்று இறைத்த தண்ணீர் கூட்டத்தின் தாகத்துக்கே தீர்ந்திருந்தது. அடுப்பு கிழக்கே, கிணறு மேற்கே. ஒச்சப்பனே சட்டத்துக்குள் ஒரு வழி கண்டார்: "நடுவுல இருக்கவரு வாங்கிக் கல்லு மேல வச்சு, எடுத்துக் குடுத்தா குத்தமில்ல. பேச்சும் அப்படித்தான். அவரு காதுல வாங்கித் திருப்பிச் சொல்லலாம்." ஜீவிதா குடத்தை நீட்டினாள், நான் கல்லின்மேல் வைத்து எடுத்து மனைவியிடம் நீட்டினேன். அறிவுச்செல்வி தட்டை நீட்டினாள். நான் மகளிடம் சேர்த்தேன். "ஜாமெட்ரி பாக்ஸ எடுத்து வச்சாளா கேளுங்க" என்றாள் தாய். "எட்டு நாளைக்கு என்னைய நேராத் திட்ட முடியாதுன்னு சொல்லுங்க" என்றாள் மகள்.

இச்செய்தி மறுநாள் தோட்டங்களில் பரவியது. மாலை விளக்கு வைத்ததும் வாகைப்பட்டி மாயம்மாள் படுக்கையறைப் பக்கம் வந்து அமர்ந்தாள். அவளுடைய தங்கை சிவனம்மாள் நொச்சியூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கூடத்தின் பக்கம் வந்து அமர்ந்தாள். பகலெல்லாம் வேலை, மாலையெல்லாம் கட்டு என்று ஆண்டுதோறும் இந்த எட்டு நாள் இருவரும் பேசிக்கொள்ள வழியே இருந்ததில்லையாம்.

"வாத்தியாரே, அவ மகனுக்கு நெய்க்காரப்பட்டியில பொண்ணு பாத்தாகளே, என்னாச்சுன்னு கேளுங்க" என்றாள் மாயம்மாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாளா பாருங்க, அமுக்குராணி."

நான் கிழக்கே திரும்பினேன். "தங்கள் தமக்கையார், தங்கள் மைந்தரின் மணப்பேச்சு எந்நிலையில் உள்ளது என வினவுகிறார். தமக்கு முன்னரே அறிவிக்கப்படாமை குறித்துச் சிறிது வருந்துகிறார்" என்றேன்.

சிவனம்மாள் வெளிறிப்போய் என் மனைவியைப் பார்த்தாள். "என்னக்கா சொல்றாரு? யாரு செத்தது?"

அறிவுச்செல்வி சிரித்தாள். அந்த நிலத்துக்கு வந்தபின் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். "என்னங்க, நீங்க பேசக் கூடாது. லைன் குடுக்கணும். அவங்க சொன்னத அப்படியே சொல்லுங்க."

"அந்தக் கடைசிச் சொல்லையுமா?"

"அதுக்குத்தான டிரங்க் கால் போட்டதே."

முப்பதாண்டுகள் தூய தமிழ் பயின்ற நாவால், "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாளா பாருங்க, அமுக்குராணி" என்று சொன்னேன். சிவனம்மாளின் முகம் மலர்ந்தது.

"யாரு அமுக்கு? போன தையில கம்மல் வாங்குனாளே, அத எங்கிட்டக் காட்டுனாளா? ஏழு நாள் கழிச்சுக் கொண்டையத் தூக்கிக் கட்டிக்கிட்டு வந்தா, அப்பத்தான் தெரிஞ்சுச்சு. கேளுங்க வாத்தியாரே, நல்லாக் கேளுங்க!"

நல்லாகவே கேட்டேன். நெய்க்காரப்பட்டிச் சம்பந்தம் முறிந்து, வேறோர் ஊரில் கூடி, மீண்டும் நெய்க்காரப்பட்டிக்கே திரும்பும்வரை இருபுறமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நான்காம் மாலை, பக்கத்துக்குப் பதினான்கு பெண்கள். முளைப்பாரிச் செய்தி, மாமியார்ச் செய்தி, மாட்டுச் செய்தி. மேற்கிலிருந்து மொச்சைக் குழம்பு வரும். கல்லின்மேல் வைத்துக் கிழக்கே தருவேன். கிழக்கிலிருந்து, "அந்தச் சட்டியில உப்பே இல்லைன்னு சொல்லுங்க" என்று வரும். சொல்வேன். அறிவுச்செல்வி கிழக்கு வாசலில் ஒரு முக்காலி போட்டு அமர்ந்து முறைப்படுத்தினாள். "வாகைப்பட்டி, பேசுங்க. நொச்சியூரு, லைன்ல இருங்க. மூணு நிமிசம் ஆச்சு, முடிச்சுக்கங்க." பெண் பார்க்கப் போகுமுன், திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்கு ஓர் அழைப்புப் பதிவு செய்தபோது நான் முதன்முதல் கேட்ட குரல் அது. எஸ்.டி.டி. பூத்துகள் விழுங்கிவிட்டன என்றே நினைத்திருந்தேன்.

அந்த எட்டு நாளும் நான் ஒரு பதிகமும் முடிக்கவில்லை. விடியலில் எடுப்பேன், முதல் பாடலிலேயே கழுத்து வலிக்கும்.

காப்பு அவிழ்ந்தது. எல்லை தளர்ந்தது. இனி எவரும் எங்கும் போகலாம். எவரும் எவரோடும் நேரே பேசலாம். ஆனால் மறுநாள் மாலையும் அவர்கள் வந்தனர். வாகைப்பட்டியார் மேற்கே, நொச்சியூரார் கிழக்கே, பழகிய இடத்தில் பழகியபடியே அமர்ந்தனர். "வாங்க வாத்தியாரே, ஒங்க எடத்துல ஒக்காருங்க" என்றாள் மாயம்மாள். நான் அமர்ந்தேன்.

பங்குனியின் கடைசி நாள் மாலை. அப்துல் வாஹித் மொபெட்டை வேலியோரம் நிறுத்திவிட்டு, சாவியோடு கூடத்துக்குள் வந்தார். கூடம் முழுவதும் பெண்கள். ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றார். அறிவுச்செல்வி அன்று மேற்கே, வாகைப்பட்டியாரோடு அமர்ந்து, மாயம்மாளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவர் எட்டி எட்டிப் பார்த்தார், அவள் தென்படவில்லை.

"சார், தங்கச்சி என்ன முடிவு பண்ணியிருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. வீட்ட ஒதுக்கணுமா?"

ஓராண்டாக நான் அஞ்சிய கேள்வி என் வாயாலேயே போக வேண்டியதாயிற்று. நாகல்நகரின் மூன்றாம் பாடல்வரையிலான அமைதிகூட அப்போது எனக்குப் பெரிதாகத் தோன்றியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மேற்கே திரும்பி, "சார், தங்கச்சி என்ன முடிவு பண்ணியிருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. வீட்ட ஒதுக்கணுமா?" என்றேன்.

பின்னலை நிறுத்தாமலே அவள் விடை தந்தாள். அதை ஓரெழுத்தும் மாற்றாமல் கிழக்கே திரும்பிச் சொன்னேன்:

"வீட்ட யாருக்காவது விட்டுரச் சொல்லுங்க. நான் ஒரு மனுசிதான் கேட்டேன். இருபத்தெட்டுப் பேரு இருக்காக. எங்க வீட்டுக்காரருக்கு வேணும்னா ஒரு ரூமு மட்டும் வச்சிருங்க. பாவம், அவருக்குப் பாட எடம் இல்ல."

அப்துல் வாஹித் சாவியைக் கையில் உருட்டினார். "அது தங்கச்சி சொன்னது. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

வாய் திறந்தேன்.

"வாத்தியாரே, நடுவுல சொந்தப் பேச்சுப் பேசாதீங்க. இங்கன ஒரு கால் நிக்குது" என்று சிவனம்மாள் ஒரு தூக்குச்சட்டியை நீட்டினாள். நான் அதை வாங்கிக் கல்லின்மேல் வைத்தேன். எடுத்து மேற்கே திரும்பினேன்.